வண்டி ரிப்பேரா அக்கா?

விருதம்பட்டில் வீடு. பாலாற்றுப் பாலம் தாண்டி, வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். வயது நாற்பத்தொன்பது. இதையெல்லாம் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் முகத்தில் முதலில் வருவது இரக்கம்தான். "இன்னாக்கா, வண்டி ரிப்பேரா?" என்பார்கள். இல்லை என்றால் அடுத்தது, "டாக்டர் சொன்னாரா?" மூன்றாவது ஒரு கேள்வி உண்டு, அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வீட்டில் பணக்கஷ்டமோ என்பது.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, அதில் வீட்டுக்காரர் போகிறார். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பணக்கஷ்டம் எல்லார் வீட்டிலும் இருக்கிற அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த முதல் லாபம் நேரம். சைக்கிளில் நேரம் மிச்சமா என்று சிரிப்பீர்கள். மிச்சமில்லை, நிச்சயம். எட்டே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒன்பது பத்துக்குக் கடையில் இருப்பேன். முகூர்த்த நாளாக இருக்கட்டும், விஐடி பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும் நாளாக இருக்கட்டும், பாலத்து நடுவில் மணல் லாரி ஒன்று படுத்துக்கொள்ளட்டும், அதே இருபத்தைந்து நிமிடம். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விட்ட காலத்தில் சில நாள் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடுவோம், சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். எந்த நாள் எது என்று கிளம்பும்போது தெரியாது. அதனால் எப்போதும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தால் வேகமான வண்டிதான் என் காலை நேரத்தைத் தின்றது.

பாலத்தில் நெரிசல் என்றால் இடது ஓரமாக நுழைந்து போவேன். அதற்கும் இடமில்லையா, இறங்கி உருட்டுவேன். ஏறினால் வண்டி, இறங்கினால் பாதசாரி. இந்த வசதி வேறு எதிலும் கிடையாது. கிரீன் சர்க்கிளில் நான் செய்வதும் இதுதான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வண்டிகள், புது பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியே வருகிற பஸ்கள், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற ஆட்டோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். அங்கே மிதித்துக்கொண்டு போய் வீரம் காட்ட எனக்கு ஆசையில்லை. இறங்கி, நடந்து கடக்கிற நாலு பேரோடு சேர்ந்து நானும் கடந்துவிடுவேன்.

"உங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆச்சே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் தெருவில் அந்தத் திட்டத்தை நம்பித்தான் வீட்டை விட்டு வேலைக்கே கிளம்பினார்கள் என்று சொல்லும்படியான பெண்கள் இருக்கிறார்கள். மழை நாளில் நானும் அதில்தான் போவேன். ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து, நின்று, ஏறி, இறங்கி, அங்கிருந்து மறுபடி பஜாருக்குள் நடந்தால் சைக்கிள் நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் மண்டிச் சந்துகளுக்குள் எந்த பஸ்ஸும் வராது.

இப்போது பணம். கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதில் கொஞ்சம் கறாராக இருப்பேன். சைக்கிள் ஓட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது பெரிய தொகையில்லை. போக வர ஒரு பத்து கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் இருபத்தைந்து நாள் வேலை, 250 கிலோமீட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் ஐந்தரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே என்றால் மாதம் 560, 570 ரூபாய். இதற்காக யாரும் வெயிலில் மிதிக்க வேண்டாம். நிஜமான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் இரண்டு பேர் இரண்டு திசையில் வேலைக்குப் போனால் இரண்டாவது வண்டி வாங்க வேண்டும். இன்றைக்கு ஒரு ஸ்கூட்டர் ரோட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 1 லட்சம். அதற்குத் தவணை, வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ். நாங்கள் அந்த இரண்டாவது வண்டியை வாங்கவே இல்லை. சைக்கிளின் கணக்கை எழுதுவதாக இருந்தால் இந்த வரியில்தான் எழுத வேண்டும், பெட்ரோல் வரியில் அல்ல.

சைக்கிளும் காசு கொடுத்து வாங்கியதில்லை. மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது அரசு கொடுத்த சைக்கிள் அது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்த திட்டம். மகள் பள்ளியை முடித்ததும் அது மாடிப்படிக்குக் கீழே சாய்ந்துவிட்டது. எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டு மாடிப்படிக்குக் கீழே இப்படி ஒன்று சாய்ந்திருக்கும், டயர் வெடித்து, செயின் துருப்பிடித்து. இரும்புக் கடைக்குப் போடப் போனதைத் தடுத்து நான் எடுத்துக்கொண்டேன். விருதம்பட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் அதை மொத்தமாகப் பிரித்துப்போட்டு ஓவராயில் செய்து கொடுத்தார். இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டைகள், பெடலுக்கு நடுவில் இருக்கிற அச்சுக்குப் புதுப் பால்ரஸ், முன்னால் ஒரு கூடை. எல்லாம் சேர்த்து ஒரு நல்ல பட்டுப்புடவைக்கான முந்தானைக் காசுகூட ஆகவில்லை.

அந்தப் பாய் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது. நான் சீட்டை இறக்கி வைக்கச் சொன்னேன். இரண்டு காலும் தரையில் தட்டையாகப் படிந்தால்தானே தைரியம்? நம் ஊரில் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "சீட்டை எறக்கினா முட்டி போயிடும்மா. பெடல் கீழ போறப்போ காலு கிட்டத்தட்ட நேரா நிக்கணும், லேசா மடங்கியிருந்தா போதும்." அவர் சொன்னது சரி. சீட் தாழ்ந்திருந்தால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முழங்கால் மடங்கியபடியே பாரத்தைத் தாங்குகிறது. அதைத்தான் பலர் "எனக்கு சைக்கிள் ஒத்துக்கல, முட்டி வலிக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றிப் பாருங்கள். இறங்கும்போது முன்பக்கமாக இறங்கிப் பழகிவிட்டால் உயரம் ஒரு பயமே இல்லை.

உடம்பு என்று வரும்போது பெரிதாக எதுவும் பீற்றிக்கொள்ள மாட்டேன். எடை குறையவில்லை. சாப்பாட்டைக் குறைக்காமல் எடை குறையும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மாறியது மூச்சு. கடையின் மேல்மாடியில் பழைய பேரேடுகள் இருக்கின்றன, செங்குத்தான மரப்படி. முன்பு பாதியில் நின்று மூச்சு வாங்குவேன், இப்போது நிற்பதில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து, வாரத்தில் ஆறு நாள். கூட்டிப் பாருங்கள், மேல் எல்லைக்கே போய்விடும். இதற்கென்று தனியாக நேரம் எதுவும் ஒதுக்கவில்லை, வேலைக்குப் போனேன், வந்தேன், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கோபம் வரும். அவர் காலையில் கோட்டை மைதானத்துக்கு வண்டியில் போய், அங்கே நடந்துவிட்டு, மறுபடி வண்டியில் வந்து, அப்புறம் தெருமுனைப் பால் கடைக்கும் வண்டியிலேயே போகிறவர். கையில் அடி எண்ணும் கடிகாரம் வேறு. 10,000 அடி ஆகவில்லை என்றால் ராத்திரி ஹாலுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். அந்த 10,000 எந்த வைத்தியரும் ஆராய்ந்து சொன்ன எண் இல்லை, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோடு பிரபலமானது என்று படித்துக் காட்டினேன். "நீ சைக்கிளையே கட்டிக்கோ" என்றார்.

வேலூரில் நிஜமாகவே நடக்கிறவர்கள் யார் என்று கேட்டால் நான் வெளியூர்க்காரர்களைத்தான் காட்டுவேன். ஐடா ஸ்கடர் ரோட்டிலும் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து, லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள். கையில் எக்ஸ்ரே கவர், தோளில் துணிப்பை. ஆஸ்பத்திரிக்கு நடை, மருந்துக் கடைக்கு நடை, மீன் வாங்க நடை. அவர்களுக்காகவே அந்தத் தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு, அவர்களுக்காகவே கடுகெண்ணெய் விற்கும் கடை. ஒருநாள் ஒரு வயதான தம்பதி எனக்கு முன்னால் போனார்கள். அம்மாவுக்குக் காலில் கட்டு. ஐயா இரண்டடி முன்னால் போய், நடைபாதையில் எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே கடைக்காரர் ஸ்டூலைப் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, திரும்பிக் கையை நீட்டுவார். ஆபீஸ் நேரத்தில் ஆரன் அடிக்கும் ஊருக்கு நடுவே அந்த இருவரும் அப்படியே போனார்கள். 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் ஆரம்பித்த வைத்தியசாலையைத் தேடி நாடு முழுக்க வருகிறார்கள், வந்தவர்களுக்கு நூறு அடி சமமாக நடக்க இடம் இல்லை. நடைபாதையைச் சரியாகப் போட்டால் முதலில் பிழைப்பவர்கள் நோயாளிகள்தான். சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அதற்கு முன்னால் இது நடக்கட்டும்.

சரி, வெயிலுக்கு வருவோம். வேலூர் வெயிலைப் பற்றிப் பேசாமல் வேலூரில் சைக்கிள் பற்றிப் பேச முடியாது. கடல் காற்று எட்டாத ஊர், சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, பகலில் வாங்கிய சூட்டை அது ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். மார்ச் பாதியிலேயே 100 டிகிரியைத் தொட்டுவிடும், அக்னி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் என் அனுபவத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது வெயில் அவ்வளவு தெரிவதில்லை, ஓடுகிற காற்றே வேர்வையை ஆற்றிவிடும். நிற்கும்போதுதான் கொட்டும். நேஷனல் சிக்னலில் நின்ற ஒரு நிமிடத்தில் முதுகு முழுக்க நனைந்துவிடும். அதனால் கடைக்குப் போனதும் கணக்குப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார மாட்டேன். ஐந்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே நிற்பேன், அப்புறம் முகம் கழுவி மேல்சட்டை மாற்றிக்கொள்வேன். கடையிலேயே இரண்டு குர்த்தா வைத்திருக்கிறேன். வீட்டில் மோர் குடித்துவிட்டுக் கிளம்புவது, பத்து மணிக்கு மேல் ஐந்து மணிக்குள் வெளியே மிதிப்பதில்லை என்பது, இவ்வளவுதான் என் ஏற்பாடு. மதியம் பேங்குக்குப் போக வேண்டும் என்றால் முதலாளியின் ஆட்டோவில் போவேன்.

பாலம் வடக்கு தெற்காக இருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் தெற்கே போகிறேன், வெயில் இடது பக்கம். சாயங்காலம் வடக்கே திரும்புகிறேன், வெயில் அப்போதும் இடது பக்கம். வருடம் முழுக்க இப்படியே போய் என் இடது கை வலது கையைவிட ஒரு சுற்று கருத்துவிட்டது. இப்போது ஒரு பழைய காட்டன் சட்டையின் கையை வெட்டி இடது கைக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் கட்டுப் போட்டிருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஆடியில் காற்று வேறு மாதிரி. மேற்கிலிருந்து ஆற்று மணலில் தடையே இல்லாமல் வரும். காலையில் வலது பக்கமிருந்து அடித்துக் கைப்பிடிச் சுவர் ஓரம் தள்ளும், அது பரவாயில்லை. சாயங்காலம் இடது பக்கமிருந்து அடித்து லாரிக்கு நேரே தள்ளும். காற்று கனமாக இருக்கும் நாளில் பாலம் முழுக்க உருட்டிக்கொண்டே வருவேன். துப்பட்டாவை எந்தக் காலத்திலும் தோளில் தொங்கவிடக் கூடாது, குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிட வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே வினை.

உருட்டுகிற நாட்களில் ஆற்றைப் பார்க்கக் கிடைக்கும். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடி எல்லார் வாயையும் அடைத்தது. அந்த வாரம் பாலத்தில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தால்தான் அதிக நெரிசல். மற்ற நாளில் மணலும் சீமைக் கருவேலமும் அங்கங்கே தேங்கிய தண்ணீரில் கொக்கும்தான். பைக்கில் போகிறவருக்கு அந்தக் கொக்கு தெரிய வாய்ப்பில்லை.

சாயங்காலம் நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வருவது சைக்கிளால்தான் முடிகிறது. பைக்கை நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் நான் வாங்கியே முடித்துவிடுவேன். நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த வாரமே விலையை ஏற்றிவிட்டார்கள் என்று காய்க்கார அம்மாவிடம் சண்டை போட்டேன். "பேரு வந்தா வெல வராதாம்மே?" என்றார். காம்பு முள் குத்தாமல் கூடையில் அடுக்குவது ஒரு கலை. முன்கூடையில் மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், திருப்பத்தில் ஹேண்டில் பார் சொன்ன பேச்சைக் கேட்காது. கனமான சாமான் பின் கேரியரில்தான்.

கௌரவம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் முதலாளியே கூப்பிட்டு, "ஏம்மா, கணக்கம்மா சைக்கிள்ல வர்றாங்கன்னா எனக்குத்தானே கௌரவக் குறைச்சல்?" என்றார். வண்டி வாங்க முன்பணம் தருவதாகவும் சொன்னார், நல்ல மனிதர். அதை இரண்டு மாதச் சம்பள உயர்வாகக் கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மூட்டை தூக்குகிற அண்ணன்கள்தான் முதலில் ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களில் பாதிப் பேர் சைக்கிளில் வருகிறவர்கள். என் வண்டிக்கு நிழல் விழும் மூலையை இப்போது அவர்களே பிடித்து வைக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். நான் குடியாத்தத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து அண்ணனிடம் கற்றுக்கொண்டதும் ஏறக்குறைய அதே காலம்தான். அன்றைக்குப் பெண் சைக்கிள் ஓட்டினால் "திமிர்" என்றார்கள். இன்றைக்கு "ஐயோ பாவம்" என்கிறார்கள். இரண்டில் எனக்குத் திமிர்தான் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான் என்று நான் சொல்லவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ. ஸ்ரீபுரம், ஆற்காடு என்றால் பஸ். பாகாயத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஒருமுறை மிதித்துப் போனேன், தூரம் ஒரு பிரச்சினையில்லை, ஆனால் ரோடு குறுகல், பஸ்கள் உரசிக்கொண்டு போகின்றன, மறுபடி போகிற எண்ணம் இல்லை. பலத்த மழையில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது, அன்றைக்கும் லீவு. நான் சொல்வது ஐந்து கிலோமீட்டருக்குள்ளே தினமும் ஒரே இடத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு. ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சைக்கிள்கூட வேண்டாம், நடந்துவிடுங்கள், பூட்டுகிற வேலை மிச்சம்.

வாங்கலாமா என்று கேட்டு வருகிற பெண்கள் இப்போது இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். கியர் வண்டி வேண்டாம் என்பேன். வேலூர் டவுனுக்குள் பாலத்து ஏற்றம் தவிர ஏற்றம் என்று ஒன்றும் இல்லை, கியர் கெட்டால் பாய் கடையில் சரிசெய்யவும் முடியாது. மட்கார்டும் செயின் கவரும் இருக்க வேண்டும், துணிக்கு அதுதான் காப்பு. ஹாரன் வேண்டாம், சத்தமான மணி போதும். காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள், காற்றுக் குறைந்தாலும் பஞ்சர் வரும்.

எனக்கே தீராத ஒரு விஷயம் விளக்கு. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. பேட்டரி விளக்கு வாங்கினால் சார்ஜ் போட மறந்துவிடுகிறேன். பழைய டைனமோ கேட்டால் பாய் சிரிக்கிறார், "அதெல்லாம் போயி எத்தினி வருஷம் ஆச்சும்மா" என்கிறார். டயரில் உரசி ஓடுகிற அந்தப் பழைய டைனமோ வேலூர், காட்பாடி பக்கம் எந்தக் கடையிலாவது இன்னும் கிடைக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்த ஐப்பசிக்குள் மாட்டிவிட வேண்டும்.